ரப்பர் இல்ல, பயப்படாம போங்க

புந்தோங், ஈப்போ
12.3.2025

அன்பு மகன் ஷர்வினுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், வேன் நலம், தஞ்சோங் ரம்புத்தானில் உன் பெரியம்மா கருப்பம்மாள் நலம், அவள் வாயும் நலம். கப்பலில் உன் உடம்பு எப்படி? இன்ஜின் அறைச் சூட்டில் தண்ணீர் நிறையக் குடிக்கிறாயா?

போகும்போது நீ என்ன சொன்னாய்? "ம்மா, இந்தக் கம்ப்யூட்டர் ரேஸ் செட்ட சும்மா போட்டா கெட்டுப்போயிரும்லா. வாரத்துல ஒரு தடவ ஆன் பண்ணி விடுங்க." நானும் வேன் இன்ஜினைச் சூடாக்குவதுபோல ஞாயிறுதோறும் ஆன் பண்ணி விட்டேன். ஸ்டேரிங் இருக்கிறது, பெடல் இருக்கிறது, திரையில் ரோடும் தெரிகிறது. ஒரு டிரைவர் எத்தனை வாரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்? ஓட்டிப் பார்த்தேன். தங்கமான கார்டா அது. திருப்பினால் திரும்புகிறது, மிதித்தால் நிற்கிறது. மெங்லெம்புவுக்குத் தொழிற்சாலைப் பெண்களை ஏற்றிப்போகும் என் வேனுக்கு அந்தப் பணிவில் பாதிகூடக் கிடையாது.

அப்போதுதான் ஒரு தகவல் வந்தது. நீ சேர்ந்திருக்கும் பேராக் பையன்களின் ஞாயிறு ரேஸில், தொடர்ந்து வராதவர்களை ஜூன் கடைசியில் எடுத்துவிடுவார்களாம். அந்த இடத்துக்கு நீ எவ்வளவு பாடுபட்டாய் என்று எனக்குத் தெரியும். உன் இடம் போய்விடக் கூடாது என்று உன் பெயரிலேயே இன்டர்நெட் லைனில் இறங்கினேன். அதே கார், அதே ரோடு. முதல் வளைவிலேயே புல்லுக்குள் போய்விட்டேன். மறுபடி ஏறினால் மறுபடி புல். ரேஸ் முடிந்ததும் லைனை அணைத்துவிட்டுத் தனியாக ஓட்டினேன். பழையபடி தங்கம்.

தனியாக இருக்கும்போது சொன்ன பேச்சைக் கேட்கிற கார், லைனில் நாலு பேரோடு சேர்ந்ததும் ஏன் இப்படி ஆடுகிறது? அந்தப் பையன்கள் எதையாவது கிளறிவிட்டார்களா? உடனே எழுது. நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மா


இந்தியப் பெருங்கடல்
21.3.2025

அன்புள்ள அம்மாவுக்கு, நான் சௌக்கியம். தண்ணீர் குடிக்கிறேன். கப்பலில் இந்த மின்னஞ்சல் மட்டும்தான் ஒழுங்காகப் போகிறது, அதுவும் நினைத்தபோது. நீங்கள் சர்க்கரை மாத்திரை போடுகிறீர்களா?

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் சமையல்காரர் எட்டிப் பார்த்தார். நீங்கள் ரேஸ் ஓட்டுகிறீர்கள் என்று சொன்னால் இங்கே யாரும் நம்பவில்லை.

பையன்கள் ஒன்றும் செய்யவில்லை. தனியாக ஓட்டும் காருக்கு நான் நிறைய உதவி போட்டு வைத்திருந்தேன். சக்கரம் வழுக்கப்போனால் கம்ப்யூட்டரே பிடித்துக்கொள்ளும். டயர் முதலிலேயே சூடாக இருக்கும், எண்ணெயும் கால் டாங்கிதான். ஞாயிறு ரேஸில் உதவி எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்கள். டாங்கி நிறைய எண்ணெய், கார் கனம். டயர் பச்சைத் தண்ணீர்போல ஜில்லென்று இருக்கும், பிடிக்காது. கார் அதேதான், ஆனால் அதைப் பிடித்துக்கொண்டிருந்த கை இல்லை.

என் இடம் போனால் போகட்டும். நீங்கள் சிரமப்படாதீர்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஷர்வின்


புந்தோங்
2.4.2025

அன்பு மகனுக்கு, நலம். மாத்திரை போடுகிறேன், போடாத நாளைப் பற்றி நீ கேட்கவில்லை. கடல் எப்படி, அலை அதிகமா?

உன் கடிதம் வந்த அன்றே அந்த உதவிகளை எல்லாம் அணைத்துவிட்டேன். இத்தனை வருஷம் வேன் ஓட்டியவளுக்குக் கம்ப்யூட்டர் கைப்பிடித்துக் கூட்டிப்போவதா? இப்போது தனியாக ஓட்டினாலும் வழுக்குகிறது. மானம் போனாலும் நியாயம் இருக்கிறது.

ஆனால் போன ஞாயிறு ஒரு கூத்து நடந்தது. ரேஸ் தொடங்குமுன் திரையின் ஓரத்தில் ரோட்டின் நிலவரம் வருமே, அதில் "ரப்பர்: 0" என்று இருந்தது. எஸ்டேட்டில் பிறந்தவளுக்கு ரப்பரைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? பால் சிந்திய ரோட்டில் மோட்டார் சைக்கிள் என்ன பாடுபடும் என்று நான் பார்த்திருக்கிறேன். ரப்பர் சுத்தமாக இல்லை, ரோடு நல்ல ரோடு என்று எனக்கு ஒரே தைரியம். பீடோர்காரர் ஒருவர், எப்போதும் என்னோடு கடைசி வரிசையில் நிற்பவர், எழுதுகிற பெட்டியில் கேட்டார்: "தம்பி, இன்னைக்கு ரோடு எப்படி?" உன் பெயரில் ஓட்டுவதால் அவருக்கு நான் தம்பி. நானும் பெரிய மனுஷன்போல, "ரப்பர் இல்ல, பயப்படாம போங்கண்ணே" என்று தட்டிவிட்டேன்.

நான் முதல் வளைவில் சுற்றினேன். என் பேச்சை நம்பி வந்தவர் என்னையும் தாண்டிப் போய்ச் சுற்றினார். பையன்கள் ரேஸ் முடியும்வரை சிரித்தார்கள். ஏன் சிரித்தார்கள் என்று எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் விளங்கவில்லை. நீ சொல்லு.

வேளாவேளைக்குத் தூங்கு.

அம்மா


டர்பன் அருகே
15.4.2025

அன்புள்ள அம்மாவுக்கு, புத்தாண்டு வாழ்த்து. கேசரி என்று ஒன்று செய்தோம், களிபோல இருந்தது. நான் நலம். உங்களுக்கு முட்டி வலி குறைந்ததா?

அம்மா, அது ரப்பர் பால் இல்லை. கார்கள் ஓட ஓட டயர் தேய்ந்து, அந்த ரப்பர் ரோட்டில் ஒட்டிக்கொள்ளும். டயர் அதைத்தான் பிடித்துக்கொள்ளும். ரப்பர் அதிகமானால் ரோடு நல்ல ரோடு. பூஜ்யம் என்றால் யாரும் ஓடாத புது ரோடு, வழுக்கும். நான் வீட்டில் வைத்திருந்தது ரப்பர் நிறைந்த ரோடு. ஞாயிறு ரேஸில் ஒவ்வொரு தடவையும் பூஜ்யத்தில் ஆரம்பிப்பார்கள். நீங்கள் அவரிடம் அப்படியே தலைகீழாகச் சொல்லியிருக்கிறீர்கள். அவரும் நம்பியிருக்கிறார் என்றால் அவரும் எஸ்டேட்டில் பிறந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

இன்னொன்று. லைனில் பக்கத்தில் தெரிகிற கார் உண்மையில் அங்கே இருக்காது. அது கொஞ்ச நேரத்துக்கு முன்னால் இருந்த இடம்தான் உங்களுக்குத் தெரியும். ஒட்டிப் போகாதீர்கள், இடைவெளி விடுங்கள்.

அந்த பீடோர்காரரிடம் நீங்கள் யார் என்று சொல்லிவிடுங்கள். பாவம், ஏமாற்றியதுபோல ஆகிவிடும்.

உடம்பைக் கவனியுங்கள்.

ஷர்வின்


புந்தோங்
4.5.2025

அன்பு மகனுக்கு, முட்டி வலி இருக்கிறது, பெடலை மிதித்தால் குறைகிறது, இதை டாக்டரிடம் சொல்லாதே. நீ சாப்பிட்டது களியோ கேசரியோ, வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லையே?

நீ சொன்னது சரி. அவர் சங்காட் பக்கம் ஒரு எஸ்டேட்டில் பிறந்தவராம். ரப்பர் விஷயத்தைச் சொன்னதும், "தம்பி, நம்ம ரெண்டு பேர் மண்டையிலயும் ஒரே பால்தான் ஊத்தி வச்சிருக்காங்க" என்று எழுதினார். பெயர் ஜெயபாலன். பீடோரில் கொய்யாத் தோட்டம் வைத்திருக்கிறார். சம்சாரம் காலமாகிச் சில வருஷங்கள் ஆகின்றன. மகளும் மருமகனும் பெர்த்தில். மருமகன் விட்டுப்போன செட்டை, தூசி படியாமல் இருக்கட்டும் என்று ஓட்ட ஆரம்பித்தாராம். ரொம்ப மோசமாக ஓட்டுகிறார். என்னைவிட மோசம் என்றால் பார்த்துக்கொள்.

பீடோர் கொய்யா நன்றாகத்தான் இருக்கிறது, விதை இல்லை.

தமிழில் "நான் வந்தேன், நான் போனேன்" என்று எழுதினால் ஆணா பெண்ணா என்று யாருக்குத் தெரியும்? ஒரு பொய்கூடச் சொல்லாமல் காலம் ஓடுகிறது. போன மாதத்திலிருந்து பத்தொன்பதாவது, பதினேழாவது என்று மேலே வருகிறேன். உன் இடத்தைக் காப்பாற்றிவிடுவேன்.

குளிரில் நிற்காதே.

அம்மா


அட்லாண்டிக்
20.5.2025

அன்புள்ள அம்மாவுக்கு, நான் நலம். நீங்களும் நலம் என்று நம்புகிறேன்.

கொய்யா எப்படி வந்தது? வீட்டு முகவரியைக் கொடுத்தீர்களா? லைனில் பழகுகிறவர்களிடம் அதெல்லாம் கொடுக்கக் கூடாது என்று நீங்கள்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள். யார் என்று அவரிடம் சொல்லிவிட்டீர்களா, இல்லையா?

இங்கே வேலை அதிகம். பதில் போடுங்கள்.

ஷர்வின்


தஞ்சோங் ரம்புத்தான்
28.6.2025

(ஷர்வின், டைப் அடிப்பது தினேஸ்வரி. என் அம்மா சொல்வதை ஒரு சொல் மாற்றாமல் அடிக்கச் சொல்கிறார். முன்கூட்டியே மன்னிப்பு.)

தம்பி ஷர்வினு, பெரியம்மா பேசுறேன். நல்லா இருக்கியா? இங்க எல்லாரும் நல்லா இருக்கோம், உங்கம்மாவத் தவிர. அவளுக்கு என்னமோ ஆயிருச்சு. ஞாயித்துக்கிழம சாயங்காலம் போன் அடிச்சா எடுக்க மாட்டா. கேட்டா, "ரேஸ்ல இருக்கேன்"ங்கிறா. இந்த வயசுல எந்தப் பொம்பள ரேஸ்ல இருப்பா?

போன மாசம் நேர்ல போய்ப் பார்த்தேன். வாசல்ல ஒரு லோரி. ஒரு ஆளு கொய்யாப்பழப் பெட்டியோட நிக்கிறாரு. "தம்பி ஷர்வின் இருக்காரா"ன்னு கேக்குறாரு. உங்கம்மா சிரிக்கிறா. அந்த ஆளும் சிரிக்கிறாரு. எனக்கு ஒண்ணும் புரியல. அதுக்கப்புறம் மூணு ஞாயிறு அந்த லோரிய பார்த்தாச்சு. இவ புதுசா ரெண்டு சேல எடுத்திருக்கா, ஒண்ணு கிளிப்பச்ச. அவளுக்குப் பச்ச ஆகாதுன்னு எல்லாருக்கும் தெரியும்.

உங்கப்பா போயி பத்து வருசமா தலைய நிமிர்த்தாம வேன் ஓட்டுனவ. ஊரு என்ன பேசும்? நீதான் கேக்கணும். உடம்பப் பாத்துக்கய்யா.

பெரியம்மா

(எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. பச்சைச் சேலையும் சித்திக்கு நன்றாகத்தான் இருக்கிறது. இது என் சொந்த வரி. தினேஸ்வரி.)


புந்தோங்
6.7.2025

அன்பு மகனுக்கு, ரொம்ப நாளாக எழுதவில்லை. வேனில் பிரேக் வேலை இருந்தது. நான் நலம், நீ நலமா? கடைசிக் கடிதத்தில் உன் குரலே இல்லை.

உன் இடம் தப்பியது. ஜூன் கடைசியில் பெயர் எடுத்தார்கள், உன் பெயரை எடுக்கவில்லை. பதினாறாவது. நிம்மதியாக இரு.

ஆனால் ஒரு சந்தேகம் தீரவில்லை. உதவியை அணைத்துவிட்டேன். எண்ணெய் நிறைய ஊற்றி, டயரைக் குளிரவைத்து, ரப்பர் பூஜ்யத்தில் தனியாக ஓட்டிப் பழகிவிட்டேன். இப்போது இரண்டும் ஒரே மாதிரிதானே இருக்க வேண்டும்? தனியாக ஓட்டினால் கடைசி வளைவில் ஐந்தாவது கியரில் பறக்கிறேன். லைனில் மட்டும் அந்த வளைவு வந்ததும் கார் தானாக மெதுவாகிவிடுகிறது. சில நாள் நின்றேவிடுகிறது. அதனால்தான் பதினாறாவது, இல்லையென்றால் பத்துக்குள் வந்திருப்பேன். இது லைன் கோளாறா?

கொய்யா ஜாம் செய்து வைத்திருக்கிறேன். மற்றபடி இங்கே விசேஷம் ஒன்றும் இல்லை.

அம்மா


சாண்டோஸ் துறைமுகம், பிரேசில்
12.8.2025

அன்புள்ள அம்மாவுக்கு, நான் நலம். நீங்கள் நலமாக இருக்கிறீர்கள் என்று எனக்கு ஏற்கெனவே தெரியும், பெரியம்மா எழுதினார்.

ஒரு மாதமாகப் பதில் போடாதது கோபத்தில்தான். மறைக்க மாட்டேன். நேற்றுவரை யாருக்கும் தெரியாமல் இன்ஜின் அறையில் நின்று அழுததும் உண்டு. யாரோ ஒருவர் அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து கொய்யா சாப்பிடுவதாகவே கண்ணில் வந்தது. விசேஷம் ஒன்றும் இல்லை என்று நீங்கள் எழுதியதுதான் ரொம்ப வலித்தது.

இன்றைக்குக் கரையில் மாலுமிகள் விடுதியில் நல்ல லைன் கிடைத்தது. லைன் கோளாறு என்றீர்களே, பார்ப்போம் என்று ஞாயிறு ரேஸ்களின் பதிவைத் திறந்தேன். ஓடிய ஒவ்வொரு ரேஸையும் அப்படியே திருப்பிப் பார்க்கலாம், யார் எப்போது எந்தப் பெடலை மிதித்தார் என்பதுகூடத் தெரியும். அது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறேன்.

மே மாதத்திலிருந்து எல்லாவற்றையும் பார்த்தேன். கடைசி வளைவில் ஜெயபாலன் அங்கிள் தவறாமல் புல்லுக்குள் போகிறார். என் பெயர் எழுதிய கார் பின்னால் வருகிறது. எண்ணெய் சரி, டயர் சரி, லைனும் சரி. நீங்கள்தான் பிரேக்கை மிதித்திருக்கிறீர்கள். அவர் புல்லிலிருந்து திரும்பி ரோட்டுக்கு ஏறும்வரை ஓரமாக நிற்கிறீர்கள். எல்லாரும் உங்களைத் தாண்டிப் போகிறார்கள். பிறகு அவரை முன்னால் விட்டு, பின்னாலேயே போகிறீர்கள். ஒரு வாரம் அல்ல, எல்லா வாரமும். ஜூலையில் ஒரு நாள் நீங்கள் சுற்றினீர்கள். அவர் எங்கேயோ முன்னால் இருந்தவர், நிறுத்திவிட்டார்.

என் இடத்தைக் காப்பாற்ற ஓட்டுகிறவர் அங்கே நிற்க மாட்டார், அம்மா.

அந்த ஜூலை ரேஸை மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். அப்பா போனதிலிருந்து உங்களுக்காக யாரும் எங்கேயும் நின்று நான் பார்த்ததில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நான் கப்பல் ஏறியவன்.

எனக்குச் சம்மதம். முழு மனதோடு சம்மதம். ஆனால் என் பெயரில் ஓட்டியது போதும். உங்கள் பெயரில் ஒரு கணக்குத் திறங்கள். என் இடம் போகட்டும், வந்து நானே பிடித்துக்கொள்கிறேன்.

அங்கிளுக்கு என் வணக்கம். அவருக்குப் பிரேக்கைச் சீக்கிரம் மிதிக்கச் சொல்லுங்கள். உடம்பு பத்திரம்.

ஷர்வின்


புந்தோங்
25.8.2025

என் கண்ணு ஷர்வினுக்கு, அம்மா நலம். இவ்வளவு நலமாக ரொம்ப நாளாக இருந்ததில்லை. நீ அழுதது போதும், கண்ணைக் கழுவு, நன்றாகச் சாப்பிடு.

முதலில் ஒன்று. சம்மதம் என்று எழுதியிருக்கிறாய். உன்னிடம் யார் சம்மதம் கேட்டது? கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

இது சும்மா வீறாப்பு. கேட்கப் பயந்துதான் கேட்கவில்லை. உன் கடிதம் வேலைக்குப் போகும் வழியில் வந்தது. சிவப்பு விளக்கில் திறந்தவள், பச்சை விழுந்தும் நகரவில்லை. ஓரம்கட்டி நிறுத்திப் படித்தேன். பின்னால் இருந்த பெண்கள், "ஆன்ட்டி, வேன் ரோசாக்கா, கெட்டுப்போச்சா?" என்றார்கள். வேனுக்கு ஒன்றும் இல்லை, என் மகன் எழுதியிருக்கிறான் என்றேன். எல்லாருக்கும் வேலைக்குப் போகத் தாமதம். யாரும் கோபிக்கவில்லை.

விசேஷம் ஒன்றும் இல்லை என்று எழுதியது தப்புத்தான். இப்போது எல்லாவற்றையும் சொல்கிறேன். முகவரி கொடுத்தது நான்தான். முதலில் கூரியரில் ஒரு பெட்டி கொய்யா வந்தது. மே கடைசியில் தம்பியைப் பார்க்க வேண்டும் என்று அவரே லோரியில் வந்து இறங்கினார். "தம்பி இருக்காரா?" என்றார். உன் பெரியம்மா இருந்ததால் சிரித்து மழுப்பினேன். அவள் உள்ளே போனதும் சொன்னேன்: "தம்பி கப்பல்ல இருக்கான். நீங்க தேடி வந்த தம்பி நான்தான்." மனிதர் பெட்டியைக் கீழே வைத்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப ரப்பர் இல்ல, பயப்படாம போங்கன்னு சொன்னது?" என்றார். "நான்தான்." லோரியின் பின்பலகையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கோபப்படுவார் என்று பயந்துகொண்டிருந்த எனக்கு அப்போதே பாதி மனசு போய்விட்டது.

ஜூலை கடைசியில் கேட்டார். "மீதி வருசத்த சேந்து ஓட்டலாமா?" என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க ஒன்றும் இல்லை, உன் கடிதத்துக்குத்தான் காத்திருந்தேன். அவரும் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஞாயிறு வரும், ஓட்டுவார், புல்லுக்குள் போவார், அவ்வளவுதான். அப்பாவின் நாற்காலியில் அவர் உட்காருவதில்லை. யாரும் சொல்லாமலே பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார்.

நீ சொன்னபடி சனிக்கிழமை புதுக் கணக்குத் திறந்தேன். பெயர் கேட்டது. துளசி என்று அடித்தேன். உலகத்தில் வேறு ஏதோ ஒரு துளசி முந்திக்கொண்டாளாம், கூட இன்னொரு சொல் சேர்க்கச் சொன்னது. ஈப்போ என்று அடிக்கக் கை போனது. கொஞ்சம் யோசித்துவிட்டு, துளசி பீடோர் என்று போட்டேன்.

நேற்று ரேஸ். புதியவள் என்பதால் பட்டியலில் கடைசிப் பெயர், அவருக்கு நேர் பின்னால். விளக்கு மாறியது, எல்லாரும் பறந்துவிட்டார்கள். அவர் கார் மட்டும் நகரவில்லை. பட்டியலைப் படித்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு பின்னாலிருந்து மெதுவாக ஒரு முட்டு முட்டினேன். அதன் பிறகுதான் மனிதர் கிளம்பினார்.

எப்போது லீவு என்று கேட்டு எழுது. அதைப் பார்த்துத்தான் தேதி வைக்க வேண்டும். உன் பெரியம்மாவுக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், பச்சைச் சேலை கட்டிக்கொண்டு போய்.

இப்படிக்கு
உன் அம்மா துளசி